ராசாவின் வேட்டைக்காட்டில் ஒரு வாழையிலை

அத்தியாயம் 4

“மான் கழற்றிப் போட்ட கொம்பைக்கூடப் பொறுக்கக் கூடாதாம், அக்கா. அது தனக்கு வேண்டாமெண்டு விட்டிட்டுப் போனதை நான் எடுத்தால் ஆருக்கு என்ன நட்டம்?”

“கிளறி, நீர் வாசிக்க வந்தனீரோ, வழக்காட வந்தனீரோ?”

கிளறிற்றா வாயை மூடிக்கொண்டு மறுபடி பலகையைப் பார்த்தாள். லண்டனில் சட்டனுக்குத் தெற்கே, பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தில் இருக்கிறது வின்ஸ்கோம் சேஸ். ராசாக்கள் குதிரையேறி வந்து மான் வேட்டையாடிய காடு. இப்போது அது ஊருக்கெல்லாம் பொது; யாரும் போகலாம், வரலாம். ஆனால் போகிறவர் வருகிறவருக்கென்று வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பச்சைப் பலகை நிற்கிறது. மானுக்குத் தீன் போடாதே. ஐம்பது மீற்றருக்குள் கிட்டப் போகாதே. நாயை அவிழ்க்காதே. அடுப்பு மூட்டாதே. காளான் பிடுங்காதே. குதிரைப் பாதையில் நடக்காதே. குளத்து வாத்துக்குப் பாண் போடாதே. வேலியடைத்த இளமரங்களுக்குள் நுழையாதே. பழைய ஓக் மரத்து வேரில் எதையும் வைக்காதே. மூச்சு விடலாமா என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள் என்று கிளறிற்றாவுக்குப் பட்டது.

“முழுக்க வாசிச்சீரோ?” என்று தவமலர் கேட்டாள்.

“வாசிச்சன். ஊரில பாவசங்கீர்த்தனத்துக்குப் போகேக்ககூட எனக்கு இவ்வளவு பாவம் ஞாபகத்துக்கு வாறேல்லை.”

கிளறிற்றா மன்னாரில் பிறந்து தோர்ண்டன் ஹீத்தில் நரைத்தவள். பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளின் தட்டில் பட்டாணி அள்ளிப் போட்டே பாதி ஆயுளைக் கழித்தவள். தவமலர் அவளுக்குச் சில வயது மூத்தவள். காப்புறுதிக் கம்பனி ஒன்றில், கழுத்து நோகிறது என்று பொய் சொல்லி இழப்பீடு கேட்கிறவர்களைப் பிடிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், மரக்கறிக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் துப்பறியும் நிலையம் என்று பெயர்ப்பலகை போட்டாள். அங்கே யோசிக்கிறவள் தவமலர். காரோட்டுகிறவளும் கதை கொடுக்கிறவளும் கிளறிற்றா. எது வழக்குகளை முடித்து வைக்கிறது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒத்த கருத்து கிடையாது.

இன்றைய வழக்கு எமில்டாவுடையது. கிளறிற்றாவின் கோயில் பாடகர் குழுவில் முன்வரிசைக்காரி எமில்டா. ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் செய்து செய்து கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனவள், போன வருசம் துணிந்து அந்த வேலையை விட்டுவிட்டு, இந்தக் காட்டின் நடுவில் இருக்கிற தேத்தண்ணிக் கடையை எடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெயரை ஒரு சுவரில் எழுதி வைத்தவள் அவள். அந்தப் பெயரைத் திங்கட்கிழமை அழிக்கப் போகிறார்கள். மூன்று சனிக்கிழமைகளாக ஒரு கிழட்டுக் கலைமான் மத்தியானம் ஆனதும் நேரே அவளுடைய கடைக்கு நடந்து வருகிறது. போன சனிக்கிழமை யன்னலுக்குள் தலையை விட்டு, ஒரு தட்டை இழுத்துக்கொண்டே போய்விட்டது. எமில்டாதான் மானுக்குத் தீனி போட்டுப் பழக்கியிருக்கிறாள் என்று பார்க் மனேஜருக்கு முறைப்பாடு போயிருக்கிறது. திங்கட்கிழமை அது உண்மையென்று முடிவானால் லைசன்ஸ் போய்விடும்.

“திங்கள் எண்டால் எங்களுக்கு இண்டைக்கு மட்டும்தான் கிடக்கு,” என்றாள் தவமலர், வாசலைத் தாண்டி நடந்தபடி. “சனிக்கிழமையில மட்டும்தானே அவர் வாறவர்.”

“ஆர் அவர்?”

“கலைமான்.”

“மானுக்கு மரியாதை. எனக்கு ‘கிளறி, வாரும், போம்’. நல்லது அக்கா.”

எமில்டா அவர்களைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினாள். கடை சின்னதுதான்; யன்னலோரம் ஆட்டிறைச்சி ரோல்ஸ் அடுக்கிய தட்டு, தட்டில் விரித்த வாழையிலை. இலையில் வைத்தால் ரோல்ஸ் ஒட்டாது, வெள்ளைக்காரருக்கும் பார்க்க வடிவாய் இருக்கும் என்றாள் எமில்டா. மான் தூக்கிக்கொண்டு போன தட்டைப் பற்றித் தவமலர் கேட்டாள். தட்டு பிறகு புல்லில் கிடந்ததாம், ரோல்ஸ் முழுக்க அப்படியே சிதறிக் கிடந்ததாம். இலை மட்டும் இல்லையாம்.

“இலை ஒவ்வொரு நாளும் விரிக்கிறனீரோ?”

“ஓம் அக்கா. கடை துறக்கிற நாளெல்லாம்.”

“ஆனால் அவர் வாறது சனிக்கிழமை மட்டும்.”

“ஓம். மற்ற நாளில இந்தப் பக்கம் திரும்பியும் பாக்கிறேல்லை.”

தவமலர் தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். அவள் கண் சுருங்குவதைக் கிளறிற்றா கண்டாள். ஏதோ கொக்கி விழுந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் கேட்டால் சொல்ல மாட்டாள்.

அப்போதுதான் முறைப்பாட்டுக்காரரே வந்து சேர்ந்தார். கமலநாதன், பார்க்கின் தொண்டர் காவலர். மலேசியாவில் ஈப்போவில் இருந்து படிக்க வந்து, பொறியியலாளராக வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் பச்சை மேலங்கி மாட்டிக்கொண்டவர். நெஞ்சில் பித்தளைப் பட்டயம். கழுத்தில் தூரம் அளக்கிற கருவி ஒன்று தொங்கியது. ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தால் மான் எத்தனை மீற்றரில் நிற்கிறது என்று அது சொல்லுமாம். போன கோடையில் கிளறிற்றாவின் பங்கு மக்கள் இங்கே ஒன்றுகூடியபோது, காஸ் அடுப்பில் கொத்துரொட்டி போடத் தொடங்கிய மேரிசாந்தியை, கரண்டி தாச்சியில் படுவதற்குள் தடுத்து நிறுத்தியவர் இவர்தான். அந்தப் பசி கிளறிற்றாவுக்கு இன்னும் மறக்கவில்லை.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால், மான் வந்து நின்றால் பிள்ளைகள் படமெடுக்கக் கூடுகிறார்கள், பிள்ளைகள் கூடினால் ஐஸ்கிரீமும் தேத்தண்ணியும் விற்கிறது, சனிக்கிழமைதான் கூட்டம் கூடுகிற நாள், ஆகவே சனிக்கிழமைகளில் மானை வரவைப்பது யாருக்கு லாபம் என்று பொறியியல் படிக்காதவருக்கும் விளங்கும்.

“கண்ணால கண்டனீங்களோ, இவ தீன் போடுறதை?” என்றாள் கிளறிற்றா.

“போடுறதப் பாக்கல மேடம். வர்றதப் பாத்தேன். போடாம வராது இல்லயா?”

எமில்டா அவரை நேராகப் பார்த்தாள். “அண்ணை, இந்தக் கடை போனால் நான் திரும்பி அந்த இரவு வேலைக்குத்தான் போகவேணும். அவை இந்த முறை என்னை எடுப்பினமோ எண்டும் தெரியாது. ஒருக்கா நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

கமலநாதன் தலை குனிந்துகொண்டார். தனக்கு அவள்மேல் கோபமில்லை, சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், தன் சொந்தத் தம்பியாக இருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பேன் என்றார். கொடுமை என்னவென்றால் அவர் பொய் சொல்லவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது. இடத்தைக் கொஞ்சம் இலகுவாக்கலாம் என்று கிளறிற்றா ஒரு ரோலை எடுத்து நீட்டினாள்.

“வேணாம் மேடம். டியூட்டியில எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. ரூல்.”

“தேத்தண்ணி?”

“அதுவும்தான்.”

மேற்குப் பக்கம் சுற்றிவர வேண்டும் என்று அவர் போய்விட்டார். அந்தக் கலைமான் எந்தத் திசையில் இருந்து வரும் என்று தவமலர் எமில்டாவிடம் கேட்டாள். எமில்டா கையைக் காட்டினாள். பன்னம் என்கிற பெரணிப் புதர்கள் இலை பழுத்துச் சிவந்து நின்ற சரிவு அது.

“வாரும் கிளறி. விருந்தாளி வாற வழியால நாங்கள் திரும்பிப் போய்ப் பாப்பம்.”

சரிவில் ஏறும்போது எங்கோ ஓர் ஆண்மான் அடித்தொண்டையால் கத்தியது. மான்களின் கலியாண காலம் தொடங்குகிற நேரம். கொம்பும் கொம்பும் முட்டிச் சண்டை நடக்கும், கிட்டப் போகாதே என்று அதற்கும் ஒரு தனிப் பலகை இருந்தது. அந்தக் கிழட்டுக் கலைமான் இந்த அமளியில் சேராதாம், எமில்டா சொல்லியிருந்தாள். கலியாண வீட்டுக்கு வந்து மணவறைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் நேரே பந்திக்குப் போகிற பெரியப்பாமாரைக் கிளறிற்றாவுக்குத் தெரியும். அந்தச் சாதி போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

சரிவின் மேலே மரமில்லாத ஒரு வெட்டைவெளி. வெட்டையின் நடுவில் எப்போதோ தறித்த மரத்தின் அடிக்கட்டை ஒன்று, மேசை போலத் தட்டையாக இருந்தது. தவமலர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு குனிந்து, கட்டையின் வெடிப்பில் இருந்து நகத்தால் எதையோ நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். கறுப்பாய், பொடிப் பொடியாய்.

“மிளகோ?” என்றாள் கிளறிற்றா.

“மணந்து பாரும்.”

“நல்லெண்ணெய் மணக்குது. எள்ளு.”

கட்டைக்குக் கீழே புல்லில் இன்னொன்று கிடந்தது. வாழையிலையின் நடு நரம்பு, அடித்துண்டு மட்டும். கத்தியால் நேராக நறுக்கிய பக்கம் ஒன்று, பல்லால் கடித்து இழுத்த பக்கம் மற்றது. கிளறிற்றா கத்தோலிக்கக்காரி, எள்ளையும் இலையையும் கண்டால் அவளுக்குச் சாப்பாட்டு ஞாபகம் மட்டும்தான் வரும். தவமலருக்கு அப்படியில்லை. இது புரட்டாதி மாசம், இன்றைக்குச் சனிக்கிழமை. சனீஸ்வரனுக்கு விரதம் பிடிக்கிறவர்கள் எள்ளுச் சாதம் படைத்து, காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் தாங்கள் சாப்பிடுவார்கள். காகம்தானே சனியின் வாகனம்.

“அப்ப மானுக்கு ஒருத்தரும் தீன் போடேல்லை,” என்றாள் கிளறிற்றா மெதுவாக.

“இல்லை. காகத்துக்குத்தான் வைச்சிருக்கினம். காகம் சோத்தைத் தின்னுது. அவர் வந்து இலையைத் தின்னுறார். ருசி பிடிச்ச பிறகு, இன்னும் இலை எங்க கிடைக்குமெண்டு மணம் பிடிச்சுக்கொண்டு எமில்டாவின்ர கடைக்கு இறங்குறார். மற்ற நாளில வாயில ருசி படாதபடியால் ஞாபகம் வாறேல்லை.”

“ஆர் வைச்சது?”

தவமலர் பதில் சொல்லுமுன்னே கிளறிற்றாவுக்கு ஆளும் கிடைத்துவிட்டார். வாசலில் ஐஸ்கிரீம் வான் வைத்திருக்கிற ஆனந்தராஜா. நெற்றி நிறைய விபூதி பூசாமல் வெளியே இறங்க மாட்டார். எமில்டா எடுக்குமுன்னே இந்தக் கடையைக் கேட்டு மனுப்போட்டு, கிடைக்காமல் போனவர். பக்தியும் இருக்கிறது, பகையும் இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும். தவமலர் பொறும் பொறும் என்று சொல்லிக்கொண்டே பின்னால் வர, கிளறிற்றா சரிவில் உருளாத குறையாக இறங்கி, மூச்சிரைக்க வானின் பக்கத்தில் போய் நின்றாள்.

ஆனந்தராஜா வானின் படியில் இருந்து கடதாசியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை,” என்று தொடங்கியவள் எட்டிப் பார்த்தாள். கடதாசிக்குள் ஆட்டிறைச்சி ரோல்ஸ். அவர் ஒன்றைப் பாதியாகக் கடித்து, கண்ணை மூடி மென்றார்.

“என்ன பிள்ளை, ஐஸ்கிரீமோ?”

“உது எமில்டாவின்ர ரோல்ஸோ?”

“பின்னை? சனியும் ஞாயிறும் எனக்கு இதுதான் மத்தியானச் சாப்பாடு. கடையை மூடப் போகினமாமே. நான் பிறகு என்னத்தைத் தின்னுறது? என்ர வானில இருக்கிற ஐஸ்கிரீமையோ? அதை மனுசர் தின்னுவினமோ?”

தவமலர் அப்போதுதான் வந்து சேர்ந்தாள். ரோல்ஸைப் பார்த்தாள், விபூதியைப் பார்த்தாள், கிளறிற்றாவைப் பார்த்தாள்.

“புரட்டாதிச் சனியில விரதகாரர் ஆட்டிறைச்சி தின்னுறேல்லை, கிளறி.”

“நெற்றியைப் பாத்து ஏமாந்திட்டன் அக்கா.”

“நெற்றியைப் பாக்காதேயும். வாயைப் பாரும். என்ன சாப்பிடுகினம், என்ன சாப்பிடாமல் விடுகினம். இந்த வழக்கு முழுக்க வாயிலதான் கிடக்கு.”

கிளறிற்றாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தவமலர் அவளைப் பச்சைப் பலகைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். இப்போது ஒரு கேள்வி கேட்கப்போவதாகவும், பகிடி விடாமல் பதில் சொல்ல வேண்டுமென்றும் சொன்னாள். இந்தப் பெரிய காட்டில் ஒரு காகத்துக்குச் சோறு வைக்க நினைக்கிறவர் எங்கே வைப்பார்?

“வாசலுக்குக் கிட்ட. ஆர் காகத்துக்காக மலையேறுறது?”

“வாசலில ரெண்டு பக்கமும் பழைய ஓக் மரம். வேரில எதையும் வைக்கக் கூடாது.”

“அப்ப குளத்தடி.”

“வாத்து வந்திடும். அதுக்கும் தடை.”

“குதிரைப் பாதைக்கு அங்கால?”

“குதிரைப் பாதையைக் கடக்க வேணும். வலப் பக்கத்தில வேலியடைச்ச இளமரங்கள். கீழ்ச் சரிவில மான் கூட்டம், ஐம்பது மீற்றருக்குள்ள வந்திடும். நான் அந்த வெட்டையில நிண்டு சுத்திச் சுத்திப் பாத்தனான். இந்தக் காட்டில ஒரு சட்டத்தையும் மீறாமல் ஒரு இலை சோறு வைக்கக்கூடிய இடம் அந்த ஒற்றைக் கட்டைதான். பக்கத்தில குப்பையும் இல்லை, பேப்பரும் இல்லை. இப்ப சொல்லும். இவ்வளவு ஒழுங்காய்க் குற்றம் செய்யக்கூடிய ஆள் ஆர்?”

கிளறிற்றா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். “மாதாவே,” என்றாள்.

“டியூட்டியில சாப்பிடக் கூடாதெண்டு ஒரு சட்டம் சொன்னவரெல்லே? பலகையில வாசிச்சனீரோ?”

“இல்லை.”

“எமில்டா மற்றக் காவலருக்கு நெடுகத் தேத்தண்ணி குடுக்கிறதாய்ச் சொன்னவ. அவையும் குடிக்கிறவை. அப்பிடி ஒரு சட்டமே இல்லை. அந்த மனுசன் தன்ர வாழ்க்கையில முதல் முதலாய் ஒரு சட்டத்தை இட்டுக்கட்டியிருக்கு. விரதமெண்டு சொல்ல வெக்கம்.”

மத்தியானம் நெருங்கியபோது இருவரும் வெட்டையின் ஓரத்தில் ஒரு ஹொலிப் புதருக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள். முள் கிளறிற்றாவின் பின்பக்கத்தைப் பதம் பார்த்தது. தன் முழங்காலில் இருந்து வருகிற சத்தம் காகத்தை விரட்டிவிடும் என்று அவள் முணுமுணுக்க, தவமலர் வாயில் விரலை வைத்தாள்.

அவர் வந்தார். முதலில் கருவியைக் கண்ணில் வைத்து நாலு திசையும் அளந்தார். திருப்தி. முதுகுப் பையைக் கழற்றி, சுருட்டிய வாழையிலையில் ஒரு துண்டை நறுக்கிக் கட்டையில் விரித்தார். மிச்சச் சுருளைப் பையின் வெளிப்பைக்குள் செருகினார். டப்பாவைத் திறந்து எள்ளுச் சாதம் வைத்தார். பித்தளைப் பட்டயத்தின் மேலே கை கூப்பி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மிகவும் கூச்சத்தோடு, அடக்கிய குரலில் கூப்பிட்டார்.

“கா. கா.”

ஈப்போவில் கூப்பிட்டாலென்ன, இங்கே கூப்பிட்டாலென்ன, காகத்துக்கு விளங்குகிறது. இரண்டு இறங்கின. கமலநாதன் பையை மாட்டிக்கொண்டு திரும்பி, முதுகைக் காட்டியபடி விடுவிடென்று நடந்தார். ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பத்தடி போகுமுன்னே பன்னப்புதர் அசைந்தது. கிழட்டுக் கலைமான், தலையில் ஒரு முழு மரத்தைச் சுமந்துகொண்டு வருவதுபோல, ஆறுதலாக வந்தது. காகங்கள் விலகின. கலைமான் இலையை நுனியில் பிடித்து உதறி, சோற்றைக் கொட்டிவிட்டு, வெற்றிலை மாதிரி மடித்து வாய்க்குள் தள்ளியது. பிறகு மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. கமலநாதனின் பையில் நீட்டிக்கொண்டிருந்த மிச்ச இலைச் சுருளை அது கண்டுகொண்டது.

“இறங்கும் கிளறி,” என்றாள் தவமலர்.

இருவரும் குறுக்கால் ஓடி அவருக்கு முன்னால் போய் நின்றார்கள். அவர் திடுக்கிட்டு நின்றார்.

“கமலநாதன் அண்ணை, ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ.”

“மாட்டேன் மேடம்.” முகம் சிவந்துபோயிற்று. பார்த்துவிட்டீர்களா என்று கேட்டார். பார்த்தோம் என்றாள் தவமலர். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஏழரைச் சனியாம். கிள்ளானில் இருக்கிற அக்கா சாத்திரம் கேட்டு, தொலைபேசியில் அழுது, சத்தியம் வாங்கிவிட்டாளாம். எட்மண்டனில் இருக்கிற மகனுக்குத் தெரிந்தால் சிரித்தே உருளுவானாம். வைத்துவிட்டு அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். திரும்பிப் பார்த்தால் செய்ததெல்லாம் வீண்.

“ஆனா நான் எந்த ரூலையும் மீறல. பறவைக்கு வைக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல, குளத்து வாத்துக்கு மட்டும்தான். நல்லாப் படிச்சுப் பாத்துட்டுத்தான் செஞ்சேன். இலை மக்கிப் போயிடும் லா, அது குப்பை இல்ல.”

“இலை மக்கேல்லை அண்ணை,” என்றாள் தவமலர். “சீரணமாகுது.”

“என்ன சொல்றீங்க?” அவர் தோளைக் குலுக்கினார். “மேடம், பையை இழுக்காதீங்க.”

“நான் உங்களுக்கு முன்னால நிக்கிறன் அண்ணை,” என்றாள் கிளறிற்றா.

கமலநாதன் கிளறிற்றாவின் இரண்டு கைகளையும் பார்த்தார். தவமலரின் இரண்டு கைகளையும் பார்த்தார். அவருடைய பிடரியில் யாரோ சூடாக மூச்சு விட்டார்கள். மான் கிட்ட வந்தால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, மெதுவாக விலக வேண்டும் என்று அவர் உதடு தானாக ஓதத் தொடங்கியது. கண் மட்டும் திரும்பட்டுமா வேண்டாமா என்று தவித்தது. பின்னால் மான், மேலே சனி. அந்த மனிதனின் நிலையைப் பார்க்கக் கிளறிற்றாவுக்கே பாவமாகிவிட்டது. அவள் கைத்தொலைபேசியை எடுத்து, தன்னைத்தானே படமெடுக்கிற பக்கத்துக்கு மாற்றி, அவர் முகத்துக்கு நேரே கண்ணாடி மாதிரிப் பிடித்தாள்.

“திரும்பாதேங்கோ அண்ணை. இதில பாருங்கோ. இது திரும்பிப் பாக்கிறதில சேராது.”

திரையில் கமலநாதன் தெரிந்தார். கமலநாதனின் தலைக்கு மேலே கொம்புகள் முளைத்திருந்தன. தோளுக்கு மேலே நீண்ட நரைத்த முகம் ஒன்று, வாயின் ஓரத்தில் பச்சையாக எதையோ தொங்கவிட்டு, மிகுந்த திருப்தியோடு மென்றுகொண்டிருந்தது.

“அது வாயில என்ன?”

“உங்கட இலை. மூண்டு சனியாய் அவர் சாப்பிடுறது உங்கட இலைதான். எமில்டாவின்ர கடைக்கு அவர் போறது இரண்டாம் பந்திக்கு.”

கமலநாதன் மெல்லப் பையைத் தோளில் இருந்து நழுவ விட்டார். கலைமான் அதைத் தரையில் போட்டு, சுருளை உருவி எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லாமல் புதருக்குள் போயிற்று. அவர் காலடியில் கிடந்த பையைப் பார்த்தபடி நின்றார். பிறகு கீழே தெரிந்த தேத்தண்ணிக் கடையைப் பார்த்தார். அதன் சுவரில் இருந்த பெயர் அங்கிருந்தே தெரிந்தது.

“அந்தம்மாவைப் பத்தி நான்தான் எழுதிக் கொடுத்தேன்,” என்றார்.

“ஓம்.”

“தீனியும் நான்தான் போட்டிருக்கேன்.”

“ஓம் அண்ணை.”

யாரும் சொல்லவில்லை, அவரே இறங்கி நடந்தார். கடைக்கு முன்னால் நின்று எமில்டாவிடம் முழுவதையும் சொன்னார், ஒரு சொல்லையும் குறைக்காமல். இத்தனை நாளும் தேடிய குற்றவாளி தான்தான் என்றார். எமில்டா கையில் இருந்த துணியை யன்னல் விளிம்பில் வைத்தாள்.

“ஒரு கிழமையாய் நான் நித்திரை கொள்ளேல்லை, அண்ணை.”

“தெரியுதுமா.”

“உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் அந்தப் பேரை அழிக்கிற மாதிரிக் கனவு.”

அவர் தொலைபேசியை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி, பார்க் மனேஜரை அழைத்தார். மனேஜர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, சனிக்கிழமையும் வேலையில் இருந்தாள். மானுக்குத் தீன் போட்டவரைப் பிடித்துவிட்டேன், கடைக்காரி இல்லை என்று நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில் அறிவித்தார். நல்லது, பெயர் என்ன என்று அவள் கேட்டாள். அவர் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். அது உங்கள் பெயரல்லவா என்றது தூரத்துக் குரல். ஆமாம் என்றார். கடைக்காரியின் லைசன்ஸ் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது என்றாள் அவள். ஆனால் சட்டப்படி உங்கள் பட்டயத்தை இனி என்ன செய்வது என்று தெரியவில்லையே என்றும் சொன்னாள். கமலநாதன் நெஞ்சில் இருந்த பித்தளையைக் கழற்றத் தொடங்கினார். ஊசி அகப்படவில்லை.

எமில்டா யன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினாள்.

“மடம், நான் எமில்டா. இந்தாளை நிப்பாட்டாதேங்கோ,” என்று தமிழில் தொடங்கிவிட்டு, தலையில் தட்டிக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறினாள். இவரைவிட இந்தக் காட்டை ஒழுங்காகப் பார்க்கிற ஆள் கிடைக்காது என்றாள். தெரியாமல் நடந்தது, தனக்கு முறைப்பாடு இல்லை, சனிக்கிழமைகளில் மட்டும் அவருக்கு லீவு கொடுத்தால் போதும் என்றாள். கிளறிற்றாவுக்குக் கையைத் தட்ட வேண்டும் போலிருந்தது.

ஏன் சனிக்கிழமை என்று மனேஜர் கேட்டாள்.

எமில்டா தவமலரைப் பார்த்தாள். தவமலர் கமலநாதனைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார். சனீஸ்வரனையும் காகத்தையும் ஏழரை வருசத்தையும் ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தவர் அந்த இடத்தில் ஒருவரும் இல்லை. பாடகர் குழுவின் முன்வரிசைக்காரி ஒரு கணம் யோசித்தாள்.

குடும்பப் பிரச்சினை என்றாள். அவருடைய வீட்டில் ஒருவர் வந்து தங்கியிருக்கிறார், பொல்லாதவர், சனிக்கிழமைகளில் அவரைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், ஏழரை வருசம் கழியாமல் போகமாட்டார்.

மறுமுனையில் நீண்ட பெருமூச்சுக் கேட்டது.

“அவருடைய மாமியாரா?” என்று கேட்டாள் மனேஜர். “பாவம் மனிதர். என்னுடையவள் கிறிஸ்துமஸுக்கு வந்தவள், இன்னும் போகவில்லை. பட்டயத்தை அவரே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.”